இரண்டாவது ஒலித்தடம்

கல்யாண வீடியோவை நான் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் வெட்டுவேன். பல வருடப் பழக்கம். பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல்மாடியில் ஒரே ஓர் அறை, அதில் ஒரு கணினி, இரண்டு திரை, ஒரு நாற்காலி. அவ்வளவுதான் என் ஸ்டூடியோ. கீழே தெருவில் எழும் சத்தமே எனக்குப் போதும். தவிர, எங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் கல்யாண வீடியோவில் மனிதர் குரலை யாரும் கேட்பதில்லை. வாசலில் பன்னீர் தெளிப்பதிலிருந்து பந்தியில் பாயாசம் ஊற்றுவதுவரை எல்லாவற்றுக்கும் மேலே பாட்டை ஏற்றிவிடுவோம். ஒருமுறை ஒரு மாமாவின் வாழ்த்துரையை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டேன். மறுநாளே மாப்பிள்ளை போனில் கூப்பிட்டு, "என்னா பாஸ், ஒரே பேச்சா இருக்கு, பாட்டு போடுங்க லா" என்றார்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிக்கொள்வது, என் தவறுக்கு ஊரையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளத்தான். ஆனால் தவறு என்னுடையது. ஒரு தகப்பன் தன் மகளிடம் சொன்ன வார்த்தைகளை நான் அழித்தேன். அழித்த இடத்தில் என் வார்த்தையை வைத்தேன். இரண்டில் எது பெரிய பாவம் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

டேப் போட்டு எடுக்கும் பழைய கேமராவை விற்றுவிட்டு, கார்டில் பதியும் எச்.டி. கேமரா ஒன்று வாங்கியதில் தொடங்கியது எல்லாம். படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. வெட்டத்தான் முடியவில்லை. அந்தக் கேமரா இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகப் படத்தை நெருக்கித் திணித்து வைக்கும். ஒரு காட்சியை முழுதாக வைத்துவிட்டு, அதற்கு அடுத்து வருபவற்றில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்ளும். பத்துப் புடவையை ஒரே பையில் அமுக்கி ஜிப்பை இழுத்து மூடுகிற வேலை. நடுவில் இருக்கும் ஒன்று வேண்டுமென்றால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட வேண்டும். என் கணினி ஒவ்வொரு நொடியும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. தாலி கட்டும் இடத்தில் நிறுத்த நினைத்தால், எல்லாரும் அட்சதை போட்டு முடித்துச் சாப்பிடப் போகிற இடத்தில் போய் நிற்கும். திரையைப் பார்த்து நான் திட்டாத திட்டு இல்லை.

அப்புறம்தான் இண்டர்மீடியட் கோடெக் என்ற சங்கதி தெரியவந்தது. கேமராவின் கோப்பை அது வேறொரு கோப்பாக மாற்றித் தரும். திணித்த புடவைகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக மடித்து அலமாரியில் அடுக்கிவிடும். அலமாரி பெரிதாக வேண்டும், அவ்வளவுதான். கோப்பு பல மடங்கு வீங்கும். ஆனால் வெட்டும்போது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கும். முதல் நாள் அதை ஓட்டிப் பார்த்தபோது எழுந்து நின்று கைதட்டினேன். தொழில் செய்யும் நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டு, "இன்னும் முக்கிக்கிட்டு இருக்கீங்களா?" என்று கேட்டேன். அந்தக் காலத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது உண்மை.

அப்படி மாற்றும் மென்பொருளில் ஒரு பட்டியல் வரும். படத்தின் அளவு என்ன, ஒலித்தடம் எத்தனை, இப்படி. என் கேமராவில் இரண்டு ஒலித்தடம். முதலாவதில் கேமராவின் சொந்த மைக். இரண்டாவதில் எதையும் செருகவில்லை என்றால் வெறும் இரைச்சல்தான். எதற்கு இரைச்சலைச் சுமக்க வேண்டும் என்று இரண்டாவதற்கு எதிரே இருந்த டிக்கை எடுத்துவிட்டு, அதையே நிரந்தர அமைப்பாகச் சேமித்து வைத்தேன். பட்டனை அமுக்கிவிட்டுக் கீழே போய் இரண்டு தோசையும் ஒரு தே தாரேக் டீயும் முடித்து வந்தால் பாதி கல்யாணம் மாறியிருக்கும். ஒன்றிரண்டு கோப்பைத் திறந்து பார்ப்பேன். படம் ஓடுகிறதா? ஓடுகிறது. உடனே கேமரா கோப்புகளை அழித்து இடம் பண்ணுவேன். கார்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடும். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

சில மாதம் கழித்துச் சட்டையில் குத்துகிற சின்ன வயர்லெஸ் மைக் ஒன்று வாங்கினேன். தேவை என்று இல்லை. கடையில் பார்த்தேன், ஆசையாக இருந்தது.

அந்த வார இறுதியில் கிள்ளானில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் கல்யாணம். பெண் ஒரே மகள், மருந்தகத்தில் வேலை. அப்பா ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் வழக்கப்படி, கோவிலுக்குப் புறப்படும் முன் வீட்டில் பெற்றோர் பெண்ணை ஆசீர்வதிப்பார்கள். இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் பெண் மண்டியிட, அம்மாவும் அப்பாவும் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு, மனதுக்குப் பட்டதைச் சொல்லுவார்கள். மைக்கைச் சோதித்துப் பார்க்க நல்ல சந்தர்ப்பம் என்று நான் அப்பாவின் வெள்ளைச் சட்டையில் அதைக் குத்தினேன். அவர் குனிந்து அதையே பார்த்தார்.

"தம்பி, இது யாருக்கும் கேக்காதுல்ல?"

"ஸ்பீக்கர்ல வராது அங்கிள். ரெக்கார்ட் மட்டும்தான். பின்னால உங்க மக கேக்கலாம்."

"மக மட்டுமா?"

"அவங்க மட்டும்தான்."

"அப்ப சரி. மண்டபத்துல பேசச் சொல்றாங்க. மைக்கப் புடிச்சு பேசறதெல்லாம் எனக்கு வராதுப்பா. இங்கியே சொல்லிடறேன்."

நான் தலையாட்டினேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ முறை ஆட்டிய தலை.

அம்மா சிலுவை போட்டார், அழுதார், தாம்பாளத்தை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று உள்ளே ஓடினார். பிறகு அப்பா வந்தார். சிலுவை போட்ட கையை எடுக்காமல், அப்படியே குனிந்து மகளின் காதருகில் பேச ஆரம்பித்தார். கூடத்தில் இருந்த யாருக்கும் கேட்கவில்லை. மேலே மின்விசிறி கரகரவென்று ஓடியது, பிள்ளைகள் நாற்காலியை இழுத்தார்கள், வாசலில் நின்று ஓர் அத்தை, "வேன் வந்துருச்சு, வேன் வந்துருச்சு" என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் ஹெட்போனில் அவர் குரல் தெளிவாக விழுந்தது. விழுந்ததே தவிர நான் கேட்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம், முகம் கறுத்துப் போகிறது, ஃபோகஸ் நழுவுகிறது. என் கவலை அதில் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் மட்டும் காதில் தங்கியது. அதுவும் அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்ததால். கேமரா ஆடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

இரண்டு நிமிடம் பேசியிருப்பார். பெண் அழுதுகொண்டே இருந்தாள்.

அந்த இரண்டு நிமிடத்தை நான் பன்னிரண்டு நொடியாக வெட்டி, மெதுவாக ஓடவிட்டு, மேலே ஒரு பாட்டை ஏற்றினேன். பார்த்தவர்களெல்லாம் கண் கலங்கினார்கள். அதற்குள் கேமரா கோப்பு போயே போய்விட்டிருந்தது. சட்டை மைக்கின் குரல் பதிவது இரண்டாவது தடத்தில்; மைக் வாங்கியவன் அந்த டிக்கை மறந்துவிட்டான். சத்தத்தை அணைத்து வெட்டுகிறவனுக்கு அது தெரியவும் வழியில்லை.

மூன்று வருடம் கழித்து அந்தப் பெண் போன் செய்தாள். முதலில் எனக்கு யாரென்று பிடிபடவில்லை.

"அண்ணே, கிள்ளான் கல்யாணம். வீட்ல ஆசீர்வாதம் எடுத்தீங்களே, அப்பாவுக்குச் சட்டையில மைக் குத்தி."

"ஆமாம்மா, சொல்லுங்க. அப்பா நல்லா இருக்காரா?"

"அப்பா தவறிட்டாருண்ணே. ரெண்டு வாரமாச்சு. ஹார்ட்."

அவள் கேட்டது ஒன்றுதான். அன்றைக்கு அப்பா காதில் என்ன சொன்னார் என்று அவளுக்கு நினைவில்லை. அழுகையில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. பிற்பாடு அப்பாவிடமே கேட்டிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, "அதான் தம்பி ரெக்கார்ட் பண்ணிருக்காரே, வேணும்னா போட்டுக் கேளு" என்றாராம். கேட்டுக்கொள்ளலாம் என்று இவளும் இருந்துவிட்டாள். அவர் இருந்தவரைக்கும் அவசரமில்லை. இப்போது அது வேண்டும்.

மாற்றிய கோப்புகளை நான் எப்போதும் வைத்திருப்பேன். "வாங்கம்மா, எடுத்து வெக்கிறேன்" என்று பெருமையாகச் சொன்னேன். போனை வைத்துவிட்டுத் தேடினேன், கிடைத்தது. திறந்தேன். இத்தனை வருடத்தில் முதல் முறையாக அந்த அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்தைக் கேட்டேன். மின்விசிறி, நாற்காலி, "வேன் வந்துருச்சு". இரண்டாவது தடம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. இரைச்சல்கூட இல்லை.

மீட்பு மென்பொருள் வாங்கி அந்த டிஸ்க்கைத் துருவினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதன்மேல் எத்தனையோ கல்யாணம் எழுதி எழுதி அழித்தாகிவிட்டது. யாருடையதோ மருதாணிக் கை ஒன்று பாதிப் படமாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை அவள் படியேறி வந்தாள். ஆளே பாதியாகியிருந்தாள். நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டு நான் நின்றேன். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"டிஸ்க் கெட்டுப் போச்சும்மா. சவுண்ட் மட்டும் ரோசாக் ஆயிடுச்சு. படம் இருக்கு."

டிஸ்க் என்ன பாவம் செய்தது? பக்கத்தில் பச்சை விளக்கு எரிய நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதை நம்பினாள். படத்தை முழுதாகப் போட்டுக் காட்டினேன். அப்பாவின் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பி என்னைக் கேட்டாள்.

"அண்ணே, நீங்க ஹெட்போன் போட்டிருந்தீங்கதானே? உங்களுக்குக் கேட்டிருக்கும்ல? என்னா சொன்னாரு?"

எனக்கு நினைவிருந்த அந்த ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் செத்துப்போன அப்பனின் கடைசி ஆசீர்வாதம் என்று கேட்டு வந்தவளிடம் அதையா சொல்வது? இவ்வளவுதானா என்று உடைந்துபோவாளே என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், என் தவறு சின்னதாகத் தெரிய வேண்டுமென்றால் அவளுக்கு ஏதாவது பெரிதாகக் கொடுத்தாக வேண்டும். எத்தனையோ மேடையில் கேட்டுப் புளித்துப்போன ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"நீ போற வீட்டுக்கு வெளிச்சமா இருன்னு சொன்னாரும்மா."

அவள் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "அப்பாவா? அப்பா அப்படியெல்லாம் பேசமாட்டாரே" என்றாள், அழுகைக்கு நடுவே சிரித்துக்கொண்டு. போகும்போது, "ரொம்ப நன்றிண்ணே, நீங்களாவது கேட்டீங்களே" என்றாள். இரண்டு நிமிடப் படத்தைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். பென்டிரைவுக்குக் காசு வேண்டாம் என்று வேறு சொன்னேன், பெரிய மனிதன் போல.

என் மனைவி ஒரு கிளினிக்கில் நர்ஸ். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். நடந்ததைச் சொன்னதும் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தொலைச்சீங்க, சரி. மனுசன்னா தொலைக்கிறதுதான். ஆனா உங்க வாய்ல வந்தத எடுத்து அந்த மனுசன் வாய்ல போட்டீங்க பாருங்க, அது என்னா வேல?"

அன்றிலிருந்து குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. ஒலித்தடங்களை எல்லாம் டிக் செய்துவைத்தேன். கேமரா கோப்புகளைத் தனி டிஸ்க்கில் சேர்த்துவைக்கத் தொடங்கினேன். அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்வது ஒன்றுதான் பாக்கி. அதை மட்டும் செய்யவில்லை. போகப் போக அவளே மறந்துவிடுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் மறக்கவில்லை. ஒரு வருடம் நிறைந்த நினைவுத் திருப்பலிக்கும் கல்லறை மந்திரிப்புக்கும் கூப்பிட்டாள். "வீடியோ எடுக்க இல்லண்ணே. நீங்க சும்மா வரணும். நீங்கதான் முக்கியமா வரணும்" என்றாள். ஏன் முக்கியம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன்.

கல்லறையில் புதுக் கல். கறுப்புக் கிரானைட். அவர் படம், பிறந்த நாள், இறந்த நாள். அதற்குக் கீழே பொன்னெழுத்தில் ஒரு வரி: "நீ போகிற வீட்டுக்கு வெளிச்சமாக இரு." அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்: "மகளுக்கு அப்பா சொன்னது."

பாதர் ஜெபம் சொல்லி மந்திரித்த தண்ணீரைக் கல்லறைமேல் தெளித்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து அந்த வரியைப் படித்தார்கள். ஒரு பெரியவர், "என்னா மாதிரி வார்த்த பாரு. இவ்ளோ ஆழமான மனுசன்னு நமக்குத் தெரியாமப் போச்சே" என்றார். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. வாழ்நாள் முழுக்க மேடையில் பேச மறுத்த மனிதர் அவர். மேடைப் பேச்சு ஒன்றைக் கல்லில் வெட்டி அவர் தலைமாட்டில் நிறுத்தியிருந்தேன்.

வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுப் போனபின் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அதே கூடம், அதே இருதய ஆண்டவர் படம். அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒன்னு சொல்லணும்மா" என்றேன். "டிஸ்க் கெட்டுப் போகல. நான்தான் அழிச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். டிக், கன்வர்ட், அவசரம். கல்லில் இருக்கிற வரி நான் கட்டிவிட்டது என்பதையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கும் சந்தேகம் இருந்துச்சுண்ணே" என்றாள் கடைசியில். "அந்தப் படத்த தினமும் போட்டுப் பாப்பேன். நீங்க சொன்னத அவரு வாயோட வெச்சுப் பாப்பேன். எங்கியும் ஒக்காராது. நமக்குத்தான் படிக்கத் தெரியலன்னு விட்டுட்டேன்." தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அப்ப உங்களுக்கு ஒன்னுமே கேக்கலியா?" என்றாள்.

"ஒன்னு கேட்டுச்சு. சின்ன விசயம்மா. அதான் சொல்லல."

"சொல்லுங்க."

"'ஷூ கடிச்சா சொல்லும்மா, உன் பழைய சிலிப்பர கார் பின்னால வெச்சிருக்கேன்'னாரு."

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கோவில்லருந்து வரும்போது காருல இருந்துச்சுண்ணே. ஒரு பிளாஸ்டிக் பைல சுத்தி. யார் வெச்சதுன்னே தெரியல. அம்மா நான் இல்லன்னாங்க, அத்தை நான் இல்லன்னாங்க. மண்டபத்துல ராத்திரி பூரா அதப் போட்டுக்கிட்டுத்தான் நின்னேன். சேலைக்கு உள்ள யாருக்குத் தெரியப்போவுது." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பாவாண்ணே அது?"

கைத்தொலைபேசியை எடுத்துப் படத்தைப் போட்டாள். என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, அப்பாவின் உதட்டைப் பார்த்தபடி வாயசைத்தாள். படத்தைப் பின்னுக்குத் தள்ளினாள், திரும்ப ஓடவிட்டாள். மூன்றாவது முறை விரலால் நிறுத்தினாள். "இங்கதான். பாருங்க, சிலிப்பர். இந்த இடம்." பார்த்தேன். அச்சாக உட்கார்ந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நெஞ்சில் இருந்த பாரம் இறங்குவது போல எனக்கும் இருந்தது. ஒரு வருடம் முன்பே கொடுத்திருக்கலாமே, மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவள் மறுபடி ஓடவிட்டாள். அந்த இடம் தாண்டியது. அப்பா நிறுத்தவில்லை. மகளின் நெற்றியில் கையை வைத்தபடி பேசிக்கொண்டே போனார். ஒரு நிமிடத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

"அப்புறம் என்னா சொல்றாருண்ணே?"

நான் திரையையே பார்த்தேன். மின்விசிறி கரகரத்தது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். "வேன் வந்துருச்சு" என்றது அத்தையின் குரல். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"தெரியலம்மா" என்றேன்.